முதுகெலும்பு அறுவையும் சுகாதாரப் பொருளாதாரமும்: ஓர் இளம் மருத்துவருக்குப் பதில்

கேள்வி: தென் மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உதவிப் பேராசிரியராகப் பணிபுரிகிறேன். எம்.எஸ். எலும்பு மருத்துவமும் அதன்பின் முதுகெலும்பு அறுவையில் ஃபெலோஷிப்பும் முடித்திருக்கிறேன். காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் நாங்கள் செய்யும் அறுவைகளில் எது நோயாளிக்கு உண்மையாகப் பயன் தருகிறது, அதற்கு ஆகும் செலவு தகுமா என்ற கேள்வி என்னை விடாமல் தொடர்கிறது. சுகாதாரப் பொருளாதாரம் படித்து இதை ஆராயலாமா என்று யோசிக்கிறேன். கை பழகும் வயதில் கணக்குப் பக்கம் போனால் அறுவைத் திறன் மங்கிவிடும் என்கிறார் ஒரு மூத்தவர். இது ஆடிட்டர் செய்ய வேண்டிய வேலை என்கிறார் இன்னொருவர். நோயாளியின் வலிக்கு விலை போடுவது அறமாகாது என்கிறார் துறைத்தலைவர். ஓராண்டு விடுப்பு எடுத்து வெளிநாட்டில் பட்டம் படிக்க வேண்டுமா, இருக்கும் இடத்திலேயே தொடங்கலாமா?

பதில்:

அன்புள்ள டாக்டருக்கு,

வணக்கம். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியும். செய்ய வேண்டும் என்றும் சொல்வேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நீங்கள் எடுத்துக்கொள்ளும் ஆய்வுக் கேள்வி உங்கள் புறநோயாளிப் பிரிவிலோ தியேட்டரிலோ பிறந்ததாக இருக்க வேண்டும். அதற்கு விடை தேடும் ஆண்டுகளிலும் நீங்கள் அறுவை செய்துகொண்டே இருக்க வேண்டும். கணக்கு முறைகளை நம்மைவிட நன்றாக அறிந்த பொருளாதார வல்லுநர்கள் நாட்டில் இருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. படத்தில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு நோயாளிகளில் ஒருவருக்கு ஏன் திருகு பொருத்தினோம், மற்றவருக்கு ஏன் பொருத்தவில்லை என்று சொல்லத் தெரிந்தவர்கள்தான் அவர்களுடைய மேசையில் மிகக் குறைவு. உங்களைப் போன்றவர் தேவைப்படுவது அங்கேதான்.

அறம் பற்றிய ஆட்சேபத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிவாகாமல் மற்றவற்றைப் பேசிப் பயனில்லை. வலிக்கு விலை போடக் கூடாது என்று உங்கள் துறைத்தலைவர் சொல்வது நோயாளியின் மேல் உள்ள அக்கறையால்தான். ஆனால் ஓர் அரசு மருத்துவமனையில் முதுகெலும்பு அறுவைக்கென்று வாரத்துக்குக் கிடைக்கும் தியேட்டர் நேரம் எவ்வளவு என்பது அவருக்கும் தெரியும். பெரிய கூன் திருத்த அறுவை ஒன்று ஒரு நாள் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அதே நாளில் டிஸ்க் பிதுக்கத்தால் காலை ஊன்ற முடியாமல் கிடக்கும் இரண்டு மூன்று பேருக்கு அறுவையை முடித்துவிடலாம். யாரை முதலில் எடுப்பது, யாரைக் காக்க வைப்பது என்று ஒவ்வொரு வாரமும் நாம் முடிவெடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். காத்திருப்பவர் அந்த நாட்களில் இழப்பதும் ஒரு விலையே. எந்தப் பதிவேட்டிலும் ஏறாததால் அது இல்லாததுபோல் தோன்றுகிறது. சுகாதாரப் பொருளாதாரம் அந்த இழப்பைக் கண்ணுக்குத் தெரியும்படி எழுதி வைக்கிறது. எழுதிப் பார்த்த பிறகும் கூன் திருத்தத்தையே முதலில் செய்வது என்று நீங்கள் முடிவெடுக்கலாம். அப்போது அது விளைவு தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும்.

நோயாளியின் குடும்பப் பக்கத்திலிருந்தும் இதைப் பாருங்கள். 2012 முதல் நடைமுறையில் உள்ள முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஜன் ஆரோக்கிய யோஜனா திட்டத்துடன் இணைக்கப்பட்டு, இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு தருகிறது. அது மருத்துவமனைக் கட்டணத்தைப் பார்த்துக்கொள்கிறது. ஆனால் நெல் மூட்டை தூக்கும் ஒருவர் இடுப்பில் அறுவை செய்துகொண்டு மூன்று மாதம் வேலைக்குப் போக முடியாதபோது போகும் கூலி, உடனிருக்கும் மனைவியின் கூலி, தொடர் பரிசோதனைக்கு வரும் பேருந்துச் செலவு, அடகு வைத்த நகைக்குக் கட்டும் வட்டி ஆகியவை, ஓர் அறுவைக்கு இவ்வளவு என்று திட்டம் மொத்தமாகத் தரும் எந்தத் தொகுப்புக் கட்டணத்திலும் இல்லை. இவற்றையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து கேட்டு எழுதினால்தான் அவை கொள்கை வகுப்பவரின் கண்ணில் படும். அந்த வேலையை அறத்துக்கு எதிரானது என்று என்னால் நினைக்க முடியவில்லை.

இந்தக் கேள்வி நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. 1956இல் தொடங்கப்பட்ட சென்னை காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நுரையீரல் காசநோயாளிகளை சானடோரியத்தில் வைத்துப் பார்ப்பதா, வீட்டில் இருக்கவிட்டு மருந்து கொடுப்பதா என்று ஒப்பிட்டது. வீட்டிலிருந்து மருந்து எடுத்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள் என்று 1959இல் வெளியான முடிவு உலகம் முழுவதும் சிகிச்சை முறையையே மாற்றியது. பின்னர் அதே மரபில், முதுகெலும்புக் காசநோய்க்கு அறுவை தேவையா என்ற கேள்வி சென்னையில் 304 நோயாளிகளிடம் ஆராயப்பட்டது. ஒரு பிரிவினருக்கு நோயுற்ற எலும்பை முழுவதும் அகற்றும் பெரிய அறுவையும் ஆறு மாத ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் மருந்துகளும் கொடுக்கப்பட்டன; மற்ற இரு பிரிவினர் நடமாடிக்கொண்டே அதே மருந்துகளை ஆறு மாதமோ ஒன்பது மாதமோ எடுத்துக்கொண்டார்கள். பத்தாண்டு முடிவில் நல்ல நிலையில் இருந்தவர்கள் அறுவைப் பிரிவில் 90 சதவீதம், ஆறு மாத மருந்துப் பிரிவில் 94 சதவீதம், ஒன்பது மாத மருந்துப் பிரிவில் 99 சதவீதம். அந்த ஆய்வுக் கட்டுரை 1999இல் வந்தது. அதில் பயனை அளக்க இன்று நாம் பயன்படுத்தும் குவாலி என்ற சொல்லோ (அதைப் பின்னர் விளக்குகிறேன்) செலவுப் பட்டியலோ கிடையாது. ஆனாலும் ஏழை நாடுகளின் அறுவை அரங்குகளுக்கு அது மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தையும் பணத்தையும் நினைத்துப் பாருங்கள்.

அந்தக் கட்டுரையில் நான் மாணவர்களிடம் எப்போதும் சுட்டிக்காட்டுவது, முடிவுரையில் உள்ள விதிவிலக்கைத்தான். 15 வயதுக்குக் கீழ்ப்பட்டு, தொடக்கத்திலேயே 30 பாகைக்கு மேல் கூன் இருந்த குழந்தைகளுக்கு, மருந்தால் நோய் குணமான பிறகும் கூன் வளர்ந்துகொண்டே போனது. சராசரியை மட்டும் பார்த்தால், அறுவை வேண்டாம் என்பதோடு விஷயம் முடிந்துவிடும். எந்தக் குழந்தைக்கு வேண்டும் என்ற அடுத்த கேள்வியைக் கேட்க ஓர் அறுவை மருத்துவர் தேவைப்பட்டார். கோயம்புத்தூர் மருத்துவர் எஸ். ராஜசேகரன் குழந்தைகளைப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து, யாருக்குக் கூன் மோசமாக வளரும் என்பதை முன்கூட்டியே காட்டும் நான்கு எக்ஸ்-ரே அறிகுறிகளை 2001இல் வெளியிட்டார். இதனால் எல்லோருக்கும் கத்தி வைக்கவும் வேண்டியதில்லை, தேவைப்படும் குழந்தையைக் கைவிடவும் வேண்டியதில்லை. செலவையும் பயனையும் ஆராயும் ஒருவர் அறுவை செய்பவராகவும் இருந்தால் கிடைக்கும் பலன் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

அடுத்து, ஆடிட்டர் வேலை என்ற விமர்சனம். முதுகெலும்புச் சிகிச்சையின் செலவையும் பயனையும் ஆராய்ந்த முக்கியமான பணிகள் பலவற்றைத் தொடங்கியவர்கள் முதுகெலும்பு மருத்துவர்களே. இடுப்பு வலியின் இயலாமையை அளக்க நாம் எல்லோரும் பயன்படுத்தும் ஆஸ்வெஸ்ட்ரி அளவுகோலை 1980இல் தன் சகாக்களுடன் வெளியிட்ட ஜெரமி ஃபேர்பேங்க், பிரிட்டனில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு எலும்பு இணைப்பு அறுவையையும் தீவிர மறுவாழ்வுப் பயிற்சியையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். 349 நோயாளிகள் பங்கேற்ற அந்த ஆய்வு 2005இல் வெளியானபோது, மருத்துவ முடிவுகளோடு பொருளாதாரக் கணக்கும் சேர்ந்தே வந்தது. அமெரிக்காவில் டார்ட்மத்தின் முதுகெலும்பு மருத்துவர் ஜேம்ஸ் வைன்ஸ்டைன், 11 மாநிலங்களின் 13 மையங்களில் 'ஸ்போர்ட்' என்ற ஆய்வை நடத்தினார். டிஸ்க் பிதுக்கம், நரம்புக் கால்வாய்ச் சுருக்கம், தேய்மானத்தால் வரும் முள்ளெலும்பு நழுவல் ஆகிய மூன்றுக்கும் அறுவையா, அறுவையில்லாச் சிகிச்சையா என்பதே அதன் கேள்வி. அதன் செலவுக் கணக்கை வைன்ஸ்டைன் தனியாகப் போடவில்லை. அன்னா டோஸ்டிசன் என்ற ஆய்வாளர் அந்தப் பகுதியை முன்னின்று செய்தார். நீங்களும் அப்படியொரு துணையைத் தேடிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒருவரே செய்ய முயன்றால் இரண்டுமே அரைகுறையாகும்.

ஸ்போர்ட் ஆய்வை நீங்கள் முழுவதுமாகப் படிக்க வேண்டும் என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். டிஸ்க் பிதுக்கத்துக்கான பிரிவில், குலுக்கலில் அறுவைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் பாதிப் பேர்தான் மூன்று மாதத்துக்குள் அறுவை செய்துகொண்டார்கள். அறுவையில்லாப் பிரிவுக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 30 சதவீதம் பேர் அதே காலத்தில் அறுவைக்குப் போய்விட்டார்கள். வலி குறைந்தவர் அறுவையைத் தவிர்க்கிறார், வலி பொறுக்க முடியாதவர் அறுவையைக் கேட்கிறார். நம் புறநோயாளிப் பிரிவில் தினமும் நடப்பதுதான் இது. இப்படிப் பக்கம் மாறியவர்களை எப்படிக் கணக்கில் கொள்வது என்பதில் புள்ளியியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் விவாதித்தார்கள். நோயாளி ஏன் மாறினார் என்பது தெரியாதவர், அந்தத் தரவை வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிடலாம்.

அதைவிட முக்கியமான பாடம், காலம் பற்றியது. வாழ்நாளின் ஓர் ஆண்டை, அந்த ஆண்டில் ஒருவர் எவ்வளவு நலமாக இருந்தார் என்பதோடு பெருக்கிக் கிடைக்கும் அலகைத்தான் குவாலி என்கிறோம். முழு நலத்துடன் ஓர் ஆண்டு வாழ்ந்தால் அது 1 குவாலி. ஸ்போர்ட் ஆய்வின் இரண்டாண்டுக் கணக்கில், அறுவையால் கூடுதலாகக் கிடைத்த ஒரு குவாலிக்கு ஆன செலவு, கால்வாய்ச் சுருக்கத்துக்கு 77,600 டாலர். முள்ளெலும்பு நழுவலுக்கு 1,15,600 டாலர். அதே நோயாளிகளை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து மறுபடி கணக்கிட்டபோது இந்தத் தொகைகள் 59,400 ஆகவும் 64,300 ஆகவும் இறங்கின. டிஸ்க் பிதுக்கத்துக்கு நான்காண்டு முடிவில் 20,600 டாலர்தான். அறுவையின் செலவில் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே முடிந்துவிடுகிறது. பயனோ ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகிறது. ஆகவே இரண்டாண்டில் நிறுத்திப் பார்ப்பவருக்கு விலை உயர்ந்ததாகத் தெரியும் அறுவை, நான்காண்டில் தகுதியானதாகத் தெரியலாம். மறுபுறம், திருகு பொருத்திய இடத்துக்கு மேலுள்ள டிஸ்க் சில ஆண்டுகளில் தேய்ந்து மறு அறுவை தேவைப்பட்டால், கணக்கு மீண்டும் ஏறவும் கூடும். எத்தனை ஆண்டுகள் பின்தொடர வேண்டும் என்பதைத் தீர்மானிக்க, அந்த அறுவை எப்போது, எப்படித் தோற்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். சுவீடன் 1992 முதல் நடத்திவரும் 'ஸ்வெஸ்பைன்' பதிவேடு நோயாளிகளிடம் ஓராண்டு, இரண்டு, ஐந்து, பத்து ஆண்டுகளில் நிலையைக் கேட்பது இதற்காகத்தான்.

இப்போது உங்கள் வார்டுக்கு வருவோம். எங்கிருந்து தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை என்றாலும், உங்கள் மற்றக் கேள்விகளுக்கெல்லாம் விடை அதில்தான் இருக்கிறது. கால்வாய்ச் சுருக்கத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. நரம்பழுத்தத்தை மட்டும் நீக்கினால் போதுமா, திருகும் கம்பியும் வைத்து எலும்பையும் இணைக்க வேண்டுமா என்ற கேள்வி உலகம் முழுவதும் சூடாக இருக்கிறது. 2016 ஏப்ரலில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு ஆய்வுகள் வந்தன. 247 பேரைக் கொண்ட சுவீடன் ஆய்வு, இணைப்பால் இரண்டாண்டில் கூடுதல் பயன் இல்லை என்றது. மருத்துவமனையில் இருந்த நாட்களும் செலவும் இணைப்புப் பிரிவில் அதிகம். 66 பேரைக் கொண்ட அமெரிக்க ஆய்வில், உடல்நலம் சார்ந்த வாழ்க்கைத் தரத்தில் இணைப்புக்குச் சிறிய மேன்மை தெரிந்தது. 2021இல் அதே இதழில் வந்த நார்வே ஆய்வு, முள்ளெலும்பு நழுவல் உள்ள 267 பேரிடம், அழுத்தத்தை மட்டும் நீக்குவது இணைப்புக்குக் குறைந்ததல்ல என்று கண்டது. ஆனால் இவர்களில் எவரும் அறுவைக்குப் பிறகு வயலில் குனிந்து நாற்று நடப் போகிறவர்கள் அல்லர். தரையில் சம்மணமிட்டு உண்டு, குந்தி எழுந்து பழகியவர்களும் அல்லர். உங்கள் நோயாளிகளுக்கு இந்த முடிவு பொருந்துமா என்பதை உங்கள் நோயாளிகளிடமிருந்துதான் அறிய முடியும். இணைப்பு அறுவையின் செலவில் திருகு, கம்பி, எலும்புகளுக்கு இடையில் வைக்கும் கேஜ் ஆகியவற்றின் பங்கு பெரிது என்பதால், இதற்குக் கிடைக்கும் விடை அரசுக்கும் பயன்படும்.

செலவை எழுதும்போது ஒன்றில் மிகக் கவனமாக இருங்கள். காப்பீட்டுத் திட்டம் தரும் தொகுப்புக் கட்டணம் என்பது விலை. மருத்துவமனைக்கு உண்மையில் ஆகும் செலவு வேறு. கட்டணத்தையே செலவாக எடுத்துக்கொண்டு எழுதப்பட்ட கட்டுரைகள் ஏராளம்; அவற்றைப் பின்பற்றாதீர்கள். ஒரு நோயாளி தியேட்டருக்குள் நுழைந்ததிலிருந்து வெளியேறும் வரை எத்தனை நிமிடம், அந்நேரத்தில் எத்தனை மருத்துவர்கள், செவிலியர்கள், மயக்கவியல் நிபுணர்கள், உதவியாளர்கள் இருந்தார்கள், அவர்களின் சம்பளத்தில் அந்த நிமிடங்களின் பங்கு என்ன, அறுவையின்போது எக்ஸ்-ரே காட்டும் சி-ஆர்ம் கருவியின் விலையை அதன் ஆயுட்காலத்துக்குப் பகிர்ந்தால் ஓர் அறுவைக்கு எவ்வளவு, இரத்தம், மருந்து, திருகு, வார்டில் தங்கிய நாட்கள் என்று அடியிலிருந்து கட்டிக்கொண்டு வர வேண்டும். சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவனத்தின் தலைமையில் நாட்டின் பல மருத்துவமனைகளில் நடந்த செலவு ஆய்வு இப்படித்தான் செய்யப்பட்டது. அதன் தரவு ஜன் ஆரோக்கிய யோஜனாவின் தொகுப்புக் கட்டணங்களைத் திருத்தவும் பயன்பட்டது. தியேட்டர் நிமிடங்களைப் பதிவு செய்வது உங்கள் முதுநிலை மாணவர்களின் ஆய்வேட்டுக்கும் நல்ல பொருளாகும்.

பயனை அளக்க ஆஸ்வெஸ்ட்ரியோடு ஈ.க்யூ.-5டி படிவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடமாட்டம், தன்னைத்தானே கவனித்துக்கொள்ளுதல், வழக்கமான வேலைகள், வலி, மனக்கலக்கம் என்று ஐந்தே கேள்விகள், தமிழிலும் கிடைக்கிறது. விடைகளை எண்ணாக மாற்ற முன்பெல்லாம் வேறு நாட்டவரின் மதிப்பீடுகளைத்தான் நாம் கடன் வாங்கினோம். 2022இல் ஐந்து மாநிலங்களில் 3,548 பேரிடம் நேரடியாகக் கேட்டு இந்தியாவுக்கென்றே மதிப்பீட்டு அட்டவணை வெளியிடப்பட்டுவிட்டது. அதையே பயன்படுத்துங்கள்.

கணக்கு எப்படி வரும் என்பதற்கு ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. அறுவைக்கு முன் 0.40 ஆக இருந்த மதிப்பு அறுவைக்குப் பின் 0.70 ஆகி, நான்கு ஆண்டுகள் அப்படியே நிலைக்கிறது என்று வையுங்கள். அறுவை இல்லாதிருந்தால் 0.40 ஆகவே இருந்திருக்கும் என்றும் கொள்ளுங்கள். கிடைத்த பயன் 0.30 பெருக்கல் 4, அதாவது 1.2 குவாலி. கூடுதல் செலவு 1,20,000 ரூபாய் என்றால், ஒரு குவாலிக்கு 1 லட்சம் ரூபாய். அதே முன்னேற்றம் ஓராண்டில் கரைந்துவிட்டால் பயன் 0.30 மட்டுமே; ஒரு குவாலிக்கு 4 லட்சம் ரூபாய் ஆகிவிடும். உண்மையான ஆய்வில் எதிர்காலச் செலவையும் பயனையும் ஆண்டுக்கு 3 சதவீதம் கழித்துக்கொள்வது நம் நாட்டு மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பின் வழக்கம். கிடைத்த தொகையை நாட்டின் தனிநபர் உள்நாட்டு உற்பத்தியோடு ஒப்பிட்டு, தகுமா தகாதா என்று பார்க்கிறார்கள். மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் 2017 முதல் இயங்கும் அந்த அமைப்புக்குச் சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் ஆய்வு மையமாக இருக்கிறது. நான் மேலே சொன்ன சென்னை காசநோய் ஆய்வுகளை நடத்திய அதே நிறுவனம்தான். முதல் கடிதத்தை அங்கே எழுதுங்கள். உங்களிடம் நோயாளிகளும் அறுவை அனுபவமும் இருக்கின்றன, அவர்களிடம் முறையியல் இருக்கிறது.

கை மங்கிவிடும் என்ற அச்சத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன். ஃபெலோஷிப் முடிந்த பின் வரும் முதல் ஐந்தாறு ஆண்டுகளில்தான் நம் தீர்மானமும் கைத்திறனும் உறுதிப்படுகின்றன. அந்த ஆண்டுகளில் அறுவை எண்ணிக்கையைக் குறைக்கும் எந்த ஏற்பாட்டுக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவசர அழைப்புகளைத் தட்டிக்கழிக்காதீர்கள். ஆய்வுக்கு வாரத்தில் ஓர் அரை நாளும், தரவு சேகரிக்கப் பயிற்சி பெற்ற ஓர் உதவியாளரும் போதும். அந்த அரை நாளைத் துறைத்தலைவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகக் கிடைத்த நேரம், ஆள் பற்றாக்குறை வரும் முதல் வாரத்திலேயே போய்விடும். இந்த ஏற்பாட்டில் குறையப்போவது மாலை நேரத் தனியார் கிளினிக்கின் வருமானமும் வீட்டாருக்குக் கொடுக்கும் நேரமும்தான். இதை மறைத்து உங்களுக்கு ஊக்கம் சொல்வது நியாயமாகாது. வீட்டில் பேசி, எவ்வளவு குறைந்தால் தாங்கும் என்று முடிவு செய்துகொண்டு தொடங்குங்கள்.

பட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இப்போது வேண்டாம். யார்க், லண்டன் போன்ற இடங்களின் சுகாதாரப் பொருளாதார முதுகலைப் படிப்புகள் மிகச் சிறந்தவை. ஆனால் சொந்தத் தரவு கையில் இல்லாமல் அங்கே போனால், அவர்கள் நாட்டுக் கேள்விகளுக்கு விடை எழுதித் திரும்புவீர்கள். முதல் செலவு ஆய்வை முடித்துவிட்டு, எந்த முறை தெரியாமல் தடுமாறினீர்கள் என்பது தெரிந்தபின் போங்கள். அதுவரை சண்டிகரில் நடக்கும் குறுகிய காலப் பயிற்சிகள் போதும். நீண்ட படிப்பே வேண்டுமென்றால் சென்னை தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்திலும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்திலும் பொதுச் சுகாதார முதுகலைப் படிப்புகள் இருக்கின்றன.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுத வேண்டும், ஏனெனில் இந்தப் பாதையில் உங்களுக்கு மிகுந்த சங்கடம் வரப்போவது அங்கேதான். உங்கள் முடிவுகள் யாரோ ஒருவரின் வருமானத்தைத் தொடும். எலும்பு இணைவதற்கு உதவும் பி.எம்.பி. என்ற புரதம் 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று மிக வேகமாகப் பரவியது. நிறுவனத்தின் நிதியில் நடந்த தொடக்க ஆய்வுகள், அதனால் பக்கவிளைவு ஏதும் இல்லை என்ற தோற்றத்தையே தந்தன. 2011இல் யூஜின் காரகீ என்ற முதுகெலும்பு மருத்துவர், தான் ஆசிரியராக இருந்த ஸ்பைன் ஜர்னலில் அந்த ஆய்வுகளையும் கண்காணிப்பு அமைப்பின் ஆவணங்களையும் அருகருகே வைத்து, உண்மையான பக்கவிளைவுகள் பல மடங்கு அதிகம் என்று காட்டினார். அதற்குக் கடும் எதிர்ப்பு வந்தது. ஆனாலும் துறை தன்னைத் திருத்திக்கொண்டது. ஆகவே, திருகு விற்கும் எந்த நிறுவனத்திடமிருந்தும் உங்கள் ஆய்வுக்குப் பணமோ மாநாட்டுப் பயணமோ ஏற்காதீர்கள்; நண்பரே கொண்டுவந்து கொடுத்தாலும் சரி. அதேபோல், உங்கள் கணக்கு கட்டணக் குறைப்புக்கு மட்டும் பயன்படுத்தப்படும் நிலை வந்தால், செலவு குறைத்து மதிப்பிடப்பட்டுள்ள அறுவைகளின் பட்டியலையும் சேர்த்தே கொடுங்கள். தண்டுவடக் காயத்துக்குப் பிந்தைய மறுவாழ்வு, படுக்கைப்புண் பராமரிப்பு ஆகியவற்றுக்கு இப்போது செலவிடுவது போதாது என்பது என் உறுதியான எண்ணம். நேர்மையான கணக்கு அதையும் வெளிக்கொண்டு வரும்.

சக மருத்துவர்களின் மனத்தாங்கலைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. ஆய்வில் எந்த மருத்துவரின் அறுவை என்பது அடையாளம் தெரியாதபடி குறியீடு இடுங்கள். முடிவுகளை வெளியிடுமுன் துறைக் கூட்டத்தில் காட்டி, அவர்கள் சொல்லும் மருத்துவக் காரணங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அந்தக் காரணங்களில் ஒன்றிரண்டு உங்கள் பகுப்பாய்வையே மேம்படுத்தும். உங்கள் துறைத்தலைவரையும் தொடக்கத்திலிருந்தே ஆய்வுக் குழுவில் சேருமாறு கேளுங்கள். அறம் பற்றி அவ்வளவு அக்கறை கொண்டவர், நோயாளியிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று வினாத்தாளைத் திருத்திக் கொடுப்பதற்கு மிகவும் பொருத்தமானவர்.

அடுத்த நெறிமுறைக் குழுக் கூட்டத்துக்குள் ஆய்வுத் திட்டத்தை எழுதி முடித்துவிடுங்கள். ஒப்புதல் கிடைத்ததும், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதிவு செய்யுங்கள். சேர்க்கும் ஒவ்வொருவரிடமும் அவருடைய தொலைபேசி எண்ணோடு, உறவினர் ஒருவரின் எண்ணையும் பக்கத்து வீட்டார் ஒருவரின் எண்ணையும் அவர்கள் சம்மதத்தோடு வாங்கி வையுங்கள். நம் நோயாளிகள் சிம் கார்டை அடிக்கடி மாற்றுகிறார்கள். நலமாகி வேலைக்குப் போனவர் மருத்துவமனைப் பக்கம் வருவதில்லை, நலமாகாதவர் வேறு மருத்துவரிடம் போய்விடுகிறார். இந்த இருவரையும் இரண்டாம் ஆண்டிலும் நான்காம் ஆண்டிலும் தேடிக் கண்டுபிடிக்க அந்த எண்கள் வேண்டும். ஆய்வுத் திட்ட வரைவை அனுப்பினால் படித்துக் கருத்து எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் துறையைச் சேர்ந்த ஒரு மூத்த மருத்துவர்